ஒற்றை முன்பல்லும் உதறும் கையும்

மார்ச் 4, செவ்வாய்

இன்று ஒரு பல்லைக் கீழே போட்டேன்.

சொந்தப் பல் இல்லை. அடுக்கடுக்காகப் பீங்கான் பூசி, சூளையில் சுட்டு, மெருகேற்றி வைத்திருந்த யாரோ ஒருவரின் முன்பல். இடுக்கியில் பிடித்துத்தான் எடுத்தேன். இடுக்கி ஒரு தாளத்தில் ஆடியது, நான் இன்னொரு தாளத்தில் ஆடினேன், பல்லுக்கு இரண்டுமே பிடிக்கவில்லை. துள்ளிக் குதித்துச் சூளை மேசைக்கு அடியில் போய் ஒளிந்துகொண்டது.

தவழ்ந்து போய்த் தேடினேன். கிடைத்துவிட்டது. எழுந்திருக்கத்தான் முடியவில்லை. மேசைக்கடியிலிருந்து பார்த்தால் முதலாளியம்மாவின் செருப்பு தெரிந்தது. அது நகர்வதாகத் தெரியவில்லை.

"பல்லு கெடச்சுதா?"

"கெடச்சுது மேடம்."

"அடுத்தது நீ. எழுந்து உள்ள வா."

எங்கள் பல் பட்டறையில் எந்நேரமும் மோனோமர் நெடி. செயற்கை ஈறு செய்யும் திரவம் அது, குதிரையையே தலைசுற்ற வைக்கும். அந்த நெடியில் என் வோட்கா யாருக்கும் தெரியாது என்று வருடக்கணக்காக நம்பிக்கொண்டிருந்தேன். நான் படித்தவள், வேதியியல் பட்டம் வேறு.

"எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா?" என்றார் முதலாளியம்மா. "நான் கல்யாணத்துக்கு முன்னாடிலேர்ந்து மோனோமர் மோந்துட்டிருக்கேன். அதுல ஒரு சொட்டு வேற எது கலந்தாலும் எனக்குத் தெரியும்."

திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும், பதிலுக்கு நானும் ஏதாவது சொல்லியிருப்பேன். லீவு எடுத்துக்கொண்டு வைத்தியம் பார்த்துக்கொள்ளச் சொன்னார். மாதக் கடைசி வரை என் நாற்காலி எனக்கு. அதற்குள் நான் பழையபடி முன்பல் செய்தால் சரி. இல்லையென்றால் அதில் வேறு ஆள்.

"கையோட வா. இல்லன்னா வராத."

கை இரண்டும் இருக்கிறது மேடம், சொன்ன பேச்சுத்தான் கேட்பதில்லை. இதை அங்கே சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து, ஊற்றிக்கொண்டு, சுவரிடம் சொன்னேன். சுவர் ஒத்துக்கொண்டது.

மார்ச் 5, புதன்

டாக்டரம்மாவுக்கு என்னைவிடப் பத்து வயது குறைவு. கேள்வி கேட்கும்போது முகத்தில் ஒன்றும் காட்டாமல் இருக்கப் பழகியிருக்கிறார். பாவம், என்னிடம் கொஞ்சம் சிரமப்பட்டார்.

"காலைல எழுந்ததும் குடிப்பீங்களா? காபிக்கு முன்னாடியா, பின்னாடியா?"

"காபிக்குப் பதிலா."

காலையில் கை உதறும். ஒரு மூடி வோட்கா உள்ளே போனால் உதறல் ஒரு மெல்லிய அதிர்வாகக் குறையும். அதற்குப் பிறகுதான் தூரிகையைப் பிடிக்க முடியும். அவ்வளவுதான் என் கதை, பெரிய சோகம் ஒன்றும் இல்லை. கணவன் போனதால் குடிக்கவில்லை. அவர் போன அன்று நன்றாகத் தூங்கினேன்.

நானாகவே ஒரேயடியாக நிறுத்தக் கூடாதாம். வலிப்பு வரலாம், உயிருக்கே ஆபத்தாம். மாத்திரையை நாளையிலிருந்து ஆரம்பித்துப் படிப்படியாகக் குறைக்க வேண்டும். ஒரு வைட்டமின் ஊசி. இல்லாதது ஏதாவது கண்ணுக்குத் தெரிந்தால் யோசிக்காமல் ஆஸ்பத்திரிக்கு வர வேண்டும். முக்கியமாக, வீட்டில் கூட ஒருவர் இருந்தே ஆக வேண்டும்.

"வீட்ல யார் இருக்காங்க?"

"ஃபிரிட்ஜ்."

அப்போதுதான் அவர் முகம் கொஞ்சம் அசைந்தது.

விவாகரத்தில் எனக்குக் கிடைத்தவை இரண்டு: அந்த ஃபிரிட்ஜ், அப்புறம் என் நாத்தனார். இரண்டையும் நான் கேட்கவில்லை. இரண்டும் தாமாகவே தங்கிவிட்டன. நாத்தனாருக்குத் தன் அண்ணனை அவ்வளவாகப் பிடிக்காது, என்னையும் அவ்வளவாகப் பிடிக்காது. ஆனால் என்னைப் பிடிக்காமல் இருப்பதற்கு அடிக்கடி நேரில் வருவாள்.

போன் செய்தேன். விஷயத்தைச் சொன்னேன். பின்னணியில் யாரோ கியரை அரைக்கும் சத்தம்.

"இப்பவாவது சொன்னீங்களே அண்ணி," என்றாள். உடனே வேறு யாரிடமோ, "கிளட்ச்ச மிதிங்க சார், அது பாவம்."

திரும்பி வரும் வழியில் ஒன்று யோசித்தேன். எனக்கு நடுக்கத்தைப் பார்த்துப் பயம் இல்லை. நடுக்கம் போன பிறகு என்ன மிச்சம் இருக்கும் என்றுதான் பயம். என் முன்பற்கள் நன்றாக இருக்கும் என்று பல் டாக்டர்கள் எல்லோரும் சொல்வார்கள். 'உங்க பல்லுல ஒரு உயிர் இருக்கு மேடம்.' அந்தப் பற்களில் ஒன்றைக்கூட நான் தனியாகச் செய்ததில்லை. ஒரு மூடி எப்போதும் கூட இருந்தது.

பல்லைச் செய்தது நானா, அதுவா?

மார்ச் 6, வியாழன்

நாத்தனார் ஒரு பெட்டி, ஒரு தலையணையோடு வந்து இறங்கினாள். டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறாள். ஊரில் பாதிப் பேருக்கு வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்தது அவள்தான் என்று பெருமை. இங்கே சாலையைக் கடந்து பார்த்தவர்கள் அதைப் பெருமை என்று சொல்ல மாட்டார்கள்.

"வீட்ட ஒரு ரவுண்டு போலாமா அண்ணி?"

போனோம். அவள் முன்னால், நான் பின்னால், குற்றவாளியை அழைத்துக்கொண்டு போலீஸ் போவது போல. துணி துவைக்கும் இயந்திரத்துக்குப் பின்னால் ஒன்று. மழைக்காலப் பூட்ஸுக்குள் ஒன்று. சமையலறையில் வினிகர் பாட்டிலைத் திறந்து முகர்ந்தாள், நாக்கில் ஒரு சொட்டு வைத்தாள்.

"இது வினிகர் இல்ல."

"இல்ல."

"போன மாசம் இதப் போட்டா எனக்கு சாலட் குடுத்தீங்க?"

"ரெண்டாவது தடவ கேட்டு வாங்கிச் சாப்பிட்ட."

பிறகு எல்லாவற்றையும் கழிவறையில் ஊற்றினாள். அந்தக் கழிவறை இவ்வளவு காலம் என்னிடமிருந்து எத்தனையோ வாங்கியிருக்கிறது. நேராகப் பாட்டிலிலிருந்து வாங்கியது இன்றுதான்.

முதல் மாத்திரை போட்டாயிற்று.

மார்ச் 7, வெள்ளி

உடம்பு வேலைநிறுத்தம் செய்கிறது. ஒவ்வொரு உறுப்பும் தனித்தனிச் சங்கம். வயிறு வாங்கிக்கொள்ள மாட்டேன் என்கிறது, தோல் வியர்வையை நிறுத்த மாட்டேன் என்கிறது, இதயம் யாரோ துரத்துவது போல ஓடுகிறது. யாரும் துரத்தவில்லை, படுக்கையில்தான் இருக்கிறேன்.

கை — எழுத்தைப் பார்த்தாலே தெரியும். இந்த வரியை எழுதியது நானா, நிலநடுக்கமா?

டீ கொண்டுவந்தாள். முழுக் கோப்பை. வாய்க்கு வருவதற்குள் பாதி மடியில். எடுத்துப் போய்ப் பாதிக் கோப்பை கொண்டுவந்தாள். அதிலும் பாதி மடியில்.

"எனக்குப் பரவால்ல அண்ணி. கால் கோப்ப ஊத்தறதுக்கும் எனக்குக் கை இருக்கு."

நைட்டியை மாற்றிவிட்டாள். என் கண்ணைப் பார்க்காமல், பேச்சை நிறுத்தாமல். யாரோ ஒரு மாணவர் ரிவர்ஸில் போய்ப் பூந்தொட்டியில் மோதிய கதை. நான் கேட்கவில்லை. ஆனால் அவள் நிறுத்தியிருந்தால் அழுதிருப்பேன்.

மார்ச் 8, சனி

தூக்கமா? யார் அது?

மார்ச் 11, செவ்வாய்

இடையில் இரண்டு நாள் ஆஸ்பத்திரி.

ஞாயிறு காலையில் படுக்கையறைச் சுவரில் பற்கள் ஊர்ந்தன. கூட்டமாக அல்ல, ஒழுங்காக. கடைவாய்ப் பற்கள் முன்னால், வெட்டுப் பற்கள் பின்னால். பாம்பு, பேய் என்று மற்றவர்களுக்கு வருமாம். எனக்கு ஆபீஸ் வேலை வந்திருக்கிறது. அதில் ஒன்றுக்கு நிறம் சரியில்லை என்று நாத்தனாரிடம் சொன்னேன். அவள் சுவரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், கார் சாவியை எடுத்தாள்.

டிரைவிங் ஸ்கூல் கார். அதில் பக்கத்து இருக்கையிலும் ஒரு பிரேக் உண்டு, கற்றுக்கொடுப்பவருக்காக. அங்கே என்னை உட்கார வைத்தாள். அவசரத்தில் இரண்டு பேருமே அதைப் பற்றி யோசிக்கவில்லை. நட்டநடுச் சாலையில் என் கால் துள்ளியது. கார் சட்டென்று நின்றது. பின்னால் வந்த எல்லோரும் சேர்ந்து ஹார்ன் அடித்தார்கள்.

"அண்ணி, கால எடுங்க!"

"நான் வைக்கல!"

"யாரு வச்சா? நானா ரெண்டு எடத்துலயும் உக்காந்திருக்கேன்?"

இன்னும் இரண்டு முறை நிறுத்தினேன். கடைசியில் இருக்கையிலேயே சம்மணம் போட்டு உட்காரச் சொன்னாள். அப்படியே ஆஸ்பத்திரிக்குள் நுழைந்தேன், காருக்கு மேலே 'கற்றுக்கொள்பவர்' என்ற பலகையோடு, உள்ளே ஞானி மாதிரி.

சேர்க்கும்போது நர்ஸ், "நீங்க இவங்களுக்கு என்ன வேணும்?" என்று கேட்டார்.

"எங்கண்ணனோட முன்னாள்..." என்று ஆரம்பித்தாள். நர்ஸின் பேனா நின்றது. "அண்ணின்னு போட்டுக்குங்க," என்றாள்.

மருந்தின் அளவைக் கூட்டினார்கள். கையில் ஊசியும் குழாயுமாகக் கிடந்தேன். பற்கள் சுவரிலிருந்து இறங்கிப் போய்விட்டன. போகும்போது என்னிடம் எதுவும் சொல்லவில்லை.

மார்ச் 12, புதன்

ஒரு முட்டையும் இரண்டு ரொட்டியும் தங்கின. உள்ளேயே!

மார்ச் 14, வெள்ளி

சண்டை.

அவள் ரொட்டியைக் கடிக்கிற சத்தம் தாங்கவில்லை. சத்தியமாக அதுதான் காரணம். இந்த உலகத்தில் எல்லாமே இப்போது அளவுக்கு மீறிச் சத்தம், அளவுக்கு மீறி வெளிச்சம். மாலை வந்தால் அந்த நேரத்தை என்ன செய்வது என்றே தெரியவில்லை. முன்பெல்லாம் மாலை என்றால் ஒரு டம்ளர். இப்போது மாலை என்றால் வெறும் மாலை, பொட்டல்காடு மாதிரி நீளமாக. யாருக்கு வேணும் இது? எதுக்கு இந்தக் கஷ்டம்? என்னத்தப் பெருசா சாதிக்கப் போறேன்? யாரோட வாய்க்கோ ஒரு பல்லு!

"கொஞ்சம் மெதுவா தின்னேன்," என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். சொன்ன விதம் வேறு.

"எங்கண்ணன் ஏன் போனான்னு இப்பத்தான் புரியுது," என்றாள்.

"அவரு போனது பக்கத்துத் தெரு பியூட்டி பார்லர்காரிக்காக. ரொட்டி சத்தத்துக்கு இல்ல."

கதவை அறைந்துகொண்டு வகுப்பு எடுக்கப் போனாள். சாயங்காலம் கதவைக் காலால் தள்ளிக்கொண்டு வந்தாள், இரண்டு கையிலும் பை.

"முட்ட வாங்கினேன். கோபமாத்தான் இருக்கேன். ஆனா முட்ட வாங்கினேன்."

அவித்துச் சாப்பிட்டோம். முட்டைக்குச் சத்தம் கிடையாது.

மார்ச் 17, திங்கள்

பட்டறை. முதலாளியம்மா வாசலிலேயே நிறுத்தினார்.

"கைய நீட்டு."

நீட்டினேன். விரல்கள் நின்றன. எனக்கே சந்தேகமாக இருந்தது, யாருடையதோ என்று. அவர் சுற்றிவந்து பார்த்தார், வாங்கப்போகிற கத்தரிக்காயைப் பார்ப்பது போல. பிறகு என் மேசையில் ஒரு பிளாஸ்டர் வாயை, யாரோ ஒருவரின் வாயை அச்செடுத்த மாதிரியை, வைத்தார்.

ஒற்றை முன்பல். எங்கள் தொழிலில் அதைவிடப் பொல்லாதது கிடையாது. வரிசையாக ஆறு பல் செய்வது சுலபம், ஆறும் ஒன்றுக்கொன்று சொந்தம். ஒற்றைப் பல் என்றால் பக்கத்தில் ஆண்டவன் செய்த பல் நிற்கும், நம்முடையதை ஏளனமாகப் பார்த்துக்கொண்டு.

"சோதனையா மேடம்?"

"இல்ல. பழி வாங்கறேன்."

எதிர்மேசையில் மெழுகில் வேலை செய்கிறவர் தலையைத் தூக்கி, "வாம்மா," என்றார். "காய்ச்சல் போயிடுச்சா?" காய்ச்சல் என்றுதான் சொல்லியிருக்கிறார்கள். போய்விட்டது என்றேன்.

தூரிகையை எடுத்தேன். பொடியைக் குழைத்தேன். முதல் அடுக்கு — கை ஆடவில்லை. இரண்டாவது — ஆடவில்லை! பிளாஸ்டர் மாதிரியில் பக்கத்துப் பல்லின் ஓரத்தில் ஒரு சின்னக் குழி, காற்றுக் குமிழி மாதிரி. முன்பெல்லாம் கத்தியை அதன் பக்கம் கொண்டுபோகவே பயப்படுவேன். இன்று நிரப்பி, சுரண்டி, நேராக்கினேன், அவ்வளவு திமிர். பிறகு அதற்கு ஜோடியாக ஒரு பல் செய்தேன் பாருங்கள், ஓரம் நேர்கோடு. வருடக்கணக்கில் இவ்வளவு சுத்தமான வேலை செய்ததில்லை.

அப்போ நான்தான். அது இல்லை, நான்தான்.

நாத்தனாரிடம் சொன்னேன். "நல்லது. அந்தப் பாத்திரத்தையும் அதே கையால கழுவிடுங்க," என்றாள்.

மார்ச் 20, வியாழன்

நேற்று எழுதவில்லை. நேற்று நடந்ததை இன்று எழுதுகிறேன்.

பல் திரும்பி வந்தது. பல் டாக்டர் அதைத் தானே எடுத்துக்கொண்டு வந்தார், இழவு வீட்டுக்கு வருகிற முகத்தோடு.

"ரொம்ப அழகா இருக்கு மேடம். அதான் பிரச்சன. துணிக்கடை பொம்மைக்கு வச்ச மாதிரி இருக்கு. பக்கத்துப் பல்லோட ஒட்டவே இல்ல." கைப்பேசியில் போன வருடம் நான் செய்த பற்களின் படங்களைக் காட்டினார். "இங்க பாருங்க. இந்த ஓரம் லேசா அலையுது. இந்த அடுக்கு ஒரு எடத்துல தடிப்பு, ஒரு எடத்துல மெலிசு. நெசப் பல்லு மாதிரி. இப்படிச் செய்யுங்க, இது எப்படி வந்துச்சோ அப்படி."

எப்படி வந்தது என்று எனக்குத் தெரியும். எனக்கு மட்டும்தான் தெரியும். அந்த அலை என் கையின் அதிர்வு. அந்தத் தடிப்பும் மெலிவும் ஒரு மூடி வோட்கா. இவ்வளவு காலம் எல்லோரும் 'உயிர்' என்று பாராட்டியது அதைத்தான்.

மெழுகுக்காரர் வேறு, பாவம், ஆறுதல் சொல்கிறேன் என்று, "காய்ச்சலுக்கு அப்புறம் கொஞ்ச நாள் அப்படித்தாம்மா இருக்கும்," என்றார்.

பட்டறையிலிருந்து நேராக நடந்தேன். கால்களுக்கு வழி தெரியும். கடை வாசல். கண்ணாடிக்குப் பின்னால் வரிசையாக நிற்கிறார்கள், பழைய நண்பர்கள், ஒருவரும் கோபித்துக்கொள்ளவில்லை. ஒரே ஒரு மூடி. தொழிலுக்காக. ஒரு தச்சர் உளி வாங்குவதில்லையா?

நாத்தனாருக்கு ஏன் போன் செய்தேன் என்று தெரியவில்லை. செய்தேன்.

"கடைக்குள்ள போயிட்டீங்களா?" என்றாள் எடுத்தவுடனே. நான் இன்னும் ஒரு வார்த்தை பேசவில்லை.

"வாசல்ல."

"அங்கேயே நில்லுங்க. சார், யூ டர்ன் போடுங்க."

இன்னொரு குரல், நடுங்கியபடி: "மேடம், நான் இன்னும் ரைட்டே திரும்பினதில்ல."

"இன்னிக்கு ரெண்டும் சேத்துக் கத்துக்கலாம்."

வந்தார்கள். நடைபாதை மேல் ஒரு சக்கரம் ஏறி நின்றது. ஓட்டியவர் ஒரு பேங்க் மேனேஜர், ஐம்பது வயதிருக்கும், சட்டை முழுக்க வியர்வை. எனக்கு முதல் நாள் வியர்த்த மாதிரியே. பின்னால் ஏறிக்கொண்டேன். எல்லாவற்றையும் சொன்னேன், மேனேஜர் இருப்பதையும் மறந்து.

நாத்தனார் கண்ணாடியில் என்னைப் பார்த்தாள். "அவ்ளோதானா? வேணும்னே கோணலா செஞ்சுட்டுப் போங்களேன்."

எனக்கு வந்த கோபம்! வேணும்னே கோணலா செஞ்சா அது கோணல்டி, பல்லு இல்ல! உனக்கு என்ன தெரியும், நீ கியர் போடறவ! எதுல கோணல், எங்க கோணல், எவ்ளோ கோணல்? கண்ணத் தொறந்து யார் பல்லையாவது பாத்திருக்கியா?

சொல்லிவிட்டு வாயை மூடினேன். நான் பார்த்திருக்கிறேனா? எங்கள் தொழிலில் ஆளைப் பார்க்கும் வழக்கம் இல்லை. பிளாஸ்டர் வாய் வரும், நிறத்தின் எண் வரும், அவ்வளவுதான். முகம் டாக்டரோடு சரி.

சிக்னலில் நின்றோம். "சார், கொஞ்சம் பல்லக் காட்டுங்க," என்றேன்.

மனிதர் நாத்தனாரைப் பார்த்தார், இதுவும் பாடத்தில் உண்டா என்பது போல. அவள் தலையசைத்தாள். ஈ என்று காட்டினார். இடது முன்பல்லின் ஓரம் மட்டும் தேய்ந்திருந்தது.

"பேனா கடிப்பீங்களா?"

"எப்படி... மீட்டிங்ல மட்டும்."

அந்தத் தேய்மானம் கண்ட இடத்தில் இல்லை. பேனா உட்காரும் இடத்தில்தான் இருந்தது. என் கையின் அலை அப்படி இல்லை. அது தோன்றிய இடத்தில் தோன்றியது. எட்டி நின்று பார்க்கும்போது உயிர் போல இருந்தது, அவ்வளவுதான்.

பச்சை விழுந்தது. வண்டி நின்றுபோனது. மேனேஜர் பல்லைக் காட்டியபடியே கியரைத் தேடினார்.

மார்ச் 21, வெள்ளி

பல் டாக்டரிடம் ஆளைப் பார்க்க வேண்டும் என்றேன். ஏன் என்பது போலப் பார்த்தார். நிறம் பார்க்க என்றேன்.

பல்லுக்குரியவர் ஒரு தையல்காரி. நாற்காலியில் ஏறி மின்விசிறி துடைக்கப் போய் விழுந்திருக்கிறார். வாயை மூடியே பேசுகிறார், சிரிப்பு வந்தால் கையால் மறைத்துக்கொள்கிறார். மிச்சமிருக்கும் முன்பல்லைக் காட்டச் சொன்னேன். ஓரத்தில் ஒரு சின்னக் குழி. நான் காற்றுக் குமிழி என்று நினைத்து, நிரப்பி, சுரண்டி, நேராக்கினேனே, அதே குழி. பல்லில் இருந்ததைப் பிளாஸ்டர் ஒழுங்காகத்தான் எடுத்து வந்திருக்கிறது. கை நிற்கிற கர்வத்தில் நான்தான் அந்த அம்மாளின் பல்லைத் திருத்தியிருக்கிறேன்.

"நூல பல்லால கடிப்பீங்களா?"

"சேச்சே. எதுக்கு, கத்தரிக்கோல் இருக்கே."

பேசிக்கொண்டே என் ரவிக்கைக் கையில் தொங்கிய நூலைப் பார்த்தார். குனிந்தார். நறுக்கென்று கடித்துத் துப்பினார். முதலில் பழக்கதோஷத்தில் உடைந்த பக்கம் கொண்டுபோய், ஸ் என்று பின்வாங்கி, பிறகுதான் நல்ல பக்கத்தில் கடித்தார். அப்படியென்றால் உடைந்த பல்லிலும் குழி இருந்திருக்கும், இதைவிட ஆழமாக.

அப்புறம் குழியிலிருந்து மேலே மயிரிழை போல ஒரு விரிசல், டீக்கறை ஏறியது. பிளாஸ்டரில் அது தெரியவே தெரியாது. படம் வரைந்துகொண்டேன். வரைந்து முடித்த பிறகுதான், கோடு ஒழுங்காக இருந்ததைக் கவனித்தேன்.

மார்ச் 25, செவ்வாய்

புதிதாக ஒன்று செய்தேன். ஆர்வக்கோளாறு. குழி, விரிசல், கறை எல்லாவற்றையும் அள்ளிப்போட்டேன். சூளையிலிருந்து வெளியே வந்தது ஒரு சூனியக்காரியின் பல்.

முதலாளியம்மா கையில் வாங்கிப் பார்த்தார். "மொதல்ல பொம்ம. இப்ப பேய். நடுவுல மனுசங்க இருப்பாங்களே, அவங்கள எப்ப செய்வ?"

மாதம் முடியப் போகிறது. என் நாற்காலியை யாரோ ஒரு பையன் வந்து பார்த்துவிட்டுப் போனதாக மெழுகுக்காரர் சொன்னார். உயரத்தை வேறு சரிசெய்து பார்த்தானாம்.

வீட்டுக்கு வேறு வழியாக வந்தேன். சுற்று வழி. கால் வலிக்கிறது.

மார்ச் 26, புதன்

ரொம்ப ஆசையாக இருந்தது. ஐஸ்கிரீம் டப்பாவைக் காலி செய்தேன். நாத்தனார் ஒரு கரண்டி கேட்டாள். தரவில்லை.

மார்ச் 28, வெள்ளி

மூன்றாவது பல்.

இன்று பொடியைக் குழைப்பதற்கு முன்னால் வெகுநேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். அந்த அம்மாள் நூலைக் கடித்ததை நினைத்துக்கொண்டு, என் பல்லால் காற்றைக் கடித்துப் பார்த்தேன். மெழுகுக்காரர் திரும்பி உட்கார்ந்துகொண்டார்.

குழியை நூல் எந்தப் பக்கம் இழுபடுமோ அந்தப் பக்கம் சாய்த்து வைத்தேன். விரிசலை இரண்டாவது அடுக்குக்குள் புதைத்தேன், தேடினால்தான் தெரியும். கை மதியத்துக்கு மேல் கொஞ்சம் உதறியது. இன்னும் அவ்வப்போது உண்டு, மாதக்கணக்கில் ஆகும் என்று டாக்டரம்மா சொல்லியிருக்கிறார். தூரிகையைக் கீழே வைத்தேன். எழுந்து போய்ச் சாப்பிட்டேன். திரும்பி வந்து எடுத்தேன். இவ்வளவு சுலபமான வழி இத்தனை வருடமாக என் மூளைக்கு எட்டவில்லை.

முதலாளியம்மா விளக்கடியில் பிடித்துப் பார்த்தார். பெட்டியில் வைத்துப் பல் டாக்டருக்கு அனுப்பினார்.

மார்ச் 31, திங்கள்

இன்று அந்தப் பல்லைப் பொருத்துகிறார்கள்.

எங்கள் தொழிலில் பாராட்டு என்று தனியாக ஒன்று கிடையாது. சரியில்லை என்றால் பல் டாக்டர் போன் செய்வார். சரியாக இருந்தால் செய்ய மாட்டார். ஆகவே நாள் முழுக்கப் போனை முறைத்துக்கொண்டிருந்தேன். ஒரு முறை அடித்தது. பாய்ந்து எடுத்தேன். நாத்தனார்.

"அண்ணி, மேனேஜர் சார் லைசன்ஸ் டெஸ்ட் பாஸாயிட்டாரு!"

"போன வை!"

"ஏன், கடைக்கா போயிட்டீங்க?"

"இல்லடி, வை!"

வைத்தாள். அதற்குப் பிறகு அடிக்கவில்லை. பட்டறை மூடும் வரை அடிக்கவில்லை. முதலாளியம்மா போனை எடுத்துக் காதில் வைத்து, வேலை செய்கிறதா என்று பார்த்தார். செய்கிறது. என்னைப் பார்க்காமலே விளக்கை அணைத்தார்.

ஏப்ரல் 2, புதன்

போன் வரவில்லை.

காலையில் போனபோது நாற்காலி என் உயரத்துக்கு இருந்தது. மேசையில் ஒரு புது பிளாஸ்டர் வாய். மறுபடியும் ஒற்றை முன்பல். இந்த ஊரில் யாருக்குமே இரண்டு பல் சேர்ந்து உடையாதா? கூடவே முதலாளியம்மாவின் கையெழுத்தில் ஒரு சீட்டு:

'பீர் பாட்டில் மூடியைப் பல்லால் திறந்த கேஸ். ஆளைப் பார்க்கணும்னா போய்ப் பார்த்துட்டு வா. பார்த்துட்டு மட்டும் வா.'

போனேன். மனிதர் அது சோடா பாட்டில்தான் என்று சத்தியம் செய்தார். சரி சார் என்று சொல்லி, வாயைத் திறக்கச் சொல்லி, நிறத்தைக் குறித்துக்கொண்டு வந்தேன்.